அழுகிற பிள்ளை காத்திருக்கட்டும்

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சொல்லிவைத்த மகராசன் குழந்தைகள் எமர்ஜென்சியின் வாசலில் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார். அங்கே சட்டம் தலைகீழ். அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது. மூச்சு இருப்பதால்தான் சத்தம் வருகிறது. சத்தம் வருகிறவரை அது காத்திருக்கலாம். எந்தப் பிள்ளை அம்மாவின் தோளில் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டு, ஊசியைப் பார்த்தும் முகம் சுளிக்காமல் கிடக்கிறதோ, அதற்குத்தான் ஓட வேண்டும். தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளையின் அப்பா, "நாங்க முதல்ல வந்தோம், அவங்க இப்பத்தானே வந்தாங்க?" என்று மல்லுக்கு நிற்பார். நிற்கட்டும். மல்லுக்கு நிற்கத் தெம்புள்ள அப்பாவின் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இந்தச் சட்டத்தை நடத்துகிறவள் ஒரு நர்ஸ். வாசலை ஒட்டித் திரைச்சீலை போட்ட சின்ன அறைதான் அவளுடைய இடம். வருகிற பிள்ளைகளை முதலில் பார்ப்பதும், யார் உள்ளே, யார் பெஞ்சில் என்று பிரிப்பதும் அவள் வேலை. முகத்தைப் பார்ப்பாள், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள், உதட்டின் நிறத்தைப் பார்ப்பாள். பிறகு தன் கட்டைவிரலால் பிள்ளையின் நகத்தை ஓர் அழுத்து அழுத்தி விடுவாள். வெளுத்த நகத்தில் சட்டென்று சிவப்பு திரும்பினால் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறது, பெஞ்சு. திரும்பத் தயங்கினால் அந்தப் பிள்ளையை அவளே அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவாள். இத்தனையும் ஒரு தும்மல் போட்டு முடிக்கிற நேரத்துக்குள் நடந்துவிடும்.

எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பதையே தொழிலாகவும், வாசலில் நிற்பதைப் பொழுதுபோக்காகவும் வைத்திருந்த வாட்ச்மேன் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார். மாடியிலிருந்து குதிகால் செருப்பில் தடதடவென்று இறங்கி வரும் பெண் டாக்டருக்கு எக்ஸ்பிரஸ். தன் பெயர் ஐஸ்பெட்டி என்பது அவளுக்கும் தெரியும். கோபம் வரவில்லை. சரியான பெயர்தானே என்று பட்டது, அவ்வளவுதான்.

கோபம் மட்டுமல்ல, எதுவுமே இப்போதெல்லாம் வருவதில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கும்போது கரைந்துபோயிருந்தது என்று சொல்கிற மாதிரியான விஷயமா அது? சோப்பு தேய்கிற மாதிரி தேய்ந்திருக்கிறது. போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்பிரஸும் அவளும் மாறி மாறி நெஞ்சை அமுக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையின் பாதத்தைத் துடைத்து, கழன்று கிடந்த காலுறையை மாட்டிவிட்டபோது, பெற்றவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எலும்பு நோகும் பிடி. அந்த நேரத்தில் இவள் நினைத்தது என்ன தெரியுமா? கை கழுவுகிற இடத்தில் துடைக்கிற காகிதம் தீர்ந்துவிட்டது, புதுக்கட்டு எடுத்து வைக்க வேண்டும். அதைத்தான் நினைத்தாள். பிறகு போய்ப் பிஸ்கட் சாப்பிட்டாள். பிஸ்கட் நமுத்திருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. அந்தத் தாயின் முகம் நினைவில்லை.

இதைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயமும் வரவில்லை.

வீட்டில் அவளுக்கு ஒரு கணவன், ஒரு மகள். கணவன் பேருந்து ஓட்டுகிறவன். அவனுடைய ஷிப்டும் இவளுடைய ஷிப்டும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கும்; அடுப்படியில் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொண்டால் உண்டு. மகள் இரண்டாம் வகுப்பு. பிறந்த நாளிலிருந்து அவளுக்கு வீட்டில் சைரன் என்று பெயர். வைத்தது அப்பன்காரன். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். பால் சூடாக இருந்தால் ஒரு ராகம், ஆறியிருந்தால் ஒரு ராகம், சட்டைக்குள் எறும்பு போனால் தனிக்கச்சேரி. "உங்க வீட்டு சைரன் ஊதினாத்தான் நாங்க உலையே வைக்கிறோம்" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வாள்.

அந்த சைரன் ஓய்ந்து வெகுநாளாகிவிட்டது.

ஓய்ந்ததும் தானாக ஓயவில்லை. இரவெல்லாம் நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவள், விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுகிற மகளை வாசலில் நின்றபடியே பார்ப்பாள். முகம் சிவந்திருக்கிறது, மூச்சு நன்றாக வருகிறது, கண்ணீர் தாராளமாக இருக்கிறது. "அழறேல்ல? அப்போ உனக்கு ஒண்ணுமில்ல. அப்புறம் பாக்கலாம், அம்மா கொஞ்சம் படுத்துக்கறேன்." சொன்னதில் பொய் இல்லை. ஒன்றும் இருந்ததும் இல்லை. அவள் தூங்கி எழும்போது முட்டியில் ரத்தம் காய்ந்து, பிள்ளையும் தன்பாட்டில் விளையாடிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் சட்டம் படிக்காமலே சட்டம் தெரிந்துகொள்கிறவர்கள். ஒரு நாள் மகள் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு, கை ஒரு பக்கம் தொங்க, கூப்பிட்டும் குரல் கொடுக்காமல் கிடந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு அம்மா பாய்ந்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே காதுக்குக் கீழே வயிறு குலுங்கியது. கள்ளி சிரித்துவிட்டாள். அம்மா திட்டினாள். ஆனால் காதை அவ்வளவு நேரம் அங்கே வைத்திருந்தாளே, அது பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த விளையாட்டு அடிக்கடி நடந்தது. அம்மாவும் பழகிவிட்டாள். நகத்தை மட்டும் அழுத்துவாள், சிவப்பு திரும்பும், "நடிச்சது போதும், எழுந்திரு" என்பாள். ஆட்டம் அலுத்துப்போனாலும் பிள்ளை பழையபடி அழத் தொடங்கவில்லை. அழுகையை எங்கே வைத்தோம் என்பதே மறந்த மாதிரி இருந்தாள்.

அன்று காலையில் அதிசயமாகக் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் அடுப்படியில் இருந்தார்கள். மகள் ஷூ மாட்டப் போயிருந்தாள்.

"நேத்து கதவுல விரலை நசுக்கிக்கிட்டா," என்றான் கணவன். "நகமே கறுத்துப்போச்சு. மூச்சு விடல தெரியுமா? உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கறா. எனக்குத்தான் அழுகை வந்துச்சு."

"பெரிய பிள்ளை ஆயிட்டா. அழலைன்னா நல்லதுதானே?"

"நல்லதா?" அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். "உங்க ஆஸ்பத்திரியில அழாத பிள்ளையைத்தான் முதல்ல பாக்கணும்னு நீதானே சொல்லுவ? நம்ம வீட்ல ஒண்ணு அழாம இருக்கே, அதை யார் பாக்கறது?"

அவள் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் திணித்தாள்.

"நேரமாச்சுங்க, சாயங்காலம் பேசலாம்."

"அவ எப்படி அழுவான்னு உனக்கு ஞாபகம் இருக்கா, சொல்லு பாப்போம். நீ பெத்த பிள்ளையோட சத்தம் காதுல இருக்கா?"

கணவன் பொதுவாக இப்படிப் பேசுகிறவன் இல்லை. வண்டியில் குறுக்கே வருகிறவனைக்கூட, "பாத்துப் போ சாமி" என்று அனுப்புகிறவன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருவில் நடக்கும்போது உண்மையிலேயே நினைத்துப் பார்த்தாள். மகளுடைய அழுகை. காதில் எத்தனையோ அழுகைகள் வந்தன. வயிற்றுவலிக்காரப் பிள்ளையின் விட்டு விட்டு வரும் அழுகை, காதுவலிப் பிள்ளையின் நிற்காத அழுகை, ஊசிக்குப் பயந்த பிள்ளையின் போலி அழுகை. எல்லாம் ஆஸ்பத்திரிப் பிள்ளைகள். மகளுடையது வரவில்லை. வராதது அவளை எங்காவது உறுத்துகிறதா என்று பார்த்தாள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. கன்னம் அங்கேதான் இருக்கிறது, தொடுவது மட்டும் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் எமர்ஜென்சி திருவிழாக் கூட்டம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடங்கள் நடக்கிற நாளில் மதியம் அப்படித்தான். மூக்கில் பென்சில் முனையைச் சொருகிக்கொண்ட ஒன்று, நாக்கைக் கடித்துக்கொண்ட ஒன்று, காய்ச்சலில் உளறுகிற ஒன்று. பெஞ்சு நிறைந்து சுவரோரத்திலும் ஆட்கள் நின்றார்கள். இவள் திரைச்சீலைக்குப் பின்னால், மூச்சிரைப்பு வந்த ஒரு பையனை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, முகத்தில் புகைமருந்து மாஸ்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் கடகடவென்று இரைந்தது. பையனின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒட்டி வெளியே வந்தன. அவன் அழவில்லை. ஆகவே அவள் அவனை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெளியே வாசல் பக்கம் ஒரு புது அழுகை நுழைந்தது. நல்ல கனமான அழுகை. நடுநடுவே "அம்மா, அம்மா" என்றது. அந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அம்மா என்றுதான் கத்தும். நாள் முழுக்க நூறு வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்கிறவளுக்கு அது கூரையில் ஓடுகிற விசிறிச் சத்தம். அவள் தலை நிமிரவில்லை.

"சிஸ்டர்! சிஸ்டர்!" ஓர் ஆணின் குரல், மூச்சு வாங்கியது. "ஸ்கூல்லருந்து வரேன். சறுக்கு மரத்துலருந்து விழுந்துட்டா. கை வளைஞ்சு போயிருக்கு சிஸ்டர், பாக்கவே முடியல!"

"மயக்கம் போட்டாளா?" என்று திரைக்கு உள்ளிருந்தே கேட்டாள்.

"இல்ல."

"வாந்தி?"

"இல்ல சிஸ்டர். வழியெல்லாம் இப்படித்தான் அழுதுகிட்டே வரா."

"அழறாள்ல? அப்போ பயப்பட ஒண்ணுமில்ல. கையை ஆட்டாம பெஞ்சுல உக்காரச் சொல்லுங்க. கூப்பிடறேன்."

சொல்லிவிட்டு மாஸ்கைச் சரிசெய்தாள். விலா கொஞ்சம் இளகியிருந்தது. இன்னும் ஒரு மருந்து போட வேண்டியிருக்கும்.

அப்போதுதான் வெளியே அந்த அழுகை நின்றது.

அழுகைகள் நிற்கிற விதம் அவளுக்கு அத்துப்படி. தேம்பித் தேம்பிக் குறையும், விக்கலில் முடியும், ஒரு பலூனைப் பார்த்துச் சிரிப்பில் முடியும். இது அப்படி நிற்கவில்லை. கத்தரித்த மாதிரி, பாதி "அம்மா"வில் நின்றது. அவளுடைய உடம்பு அவளைக் கேட்காமலே எழுந்தது. பையனையும் மாஸ்கையும் அவன் அம்மாவிடம் கொடுத்து, "இப்படியே பிடிச்சுக்கோங்க, எடுத்துடாதீங்க" என்று சொன்னதுகூட வாய் தானாகச் சொன்னதுதான். திரையை விலக்கிக்கொண்டு பெஞ்சை நோக்கி ஓடினாள். சத்தம் நின்ற இடத்துக்குத்தான் ஓடினாள். யாரிடம் ஓடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

பெஞ்சின் ஓரத்தில் பச்சைக் கட்டம் போட்ட பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு சாய்ந்திருந்தது. இடது முன்கை, மணிக்கட்டுக்கு மேலே, கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர்ப் புழுதி. அருகில் விசில் கயிறு கழுத்தில் தொங்க விளையாட்டு வாத்தியார் வெலவெலத்து நின்றார்.

முகத்தைப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். உடைந்த கையின் விரலைத் தூக்கி நகத்தை அழுத்தினாள். அந்த நகம் கறுத்துப்போய் இருந்தது. கதவில் நசுங்கிய நகம். பக்கத்து விரலை அழுத்தினாள். வெளுத்தது. சிவப்பு திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, தான் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று.

"இப்பத்தான் நல்லா அழுதுகிட்டிருந்தா சிஸ்டர்," என்றார் வாத்தியார் பதறிப்போய். "உங்க குரல் கேட்டதும் டக்குனு நிறுத்திட்டா. ஏதாவது ஆயிடுச்சா? அவங்க அப்பாவுக்குப் போன் போட்டேன், வண்டி ஓட்டறார் போல, எடுக்கல. அம்மா நம்பர் போகவே இல்ல."

அம்மா நம்பர் உடை மாற்றுகிற அறையில், அணைத்துவைத்த போனோடு பூட்டிய பெட்டிக்குள் இருந்தது.

மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அம்மாதான். திரும்பவும் மூடிக்கொண்டாள். உதடு நடுங்கியது, சத்தம் வரவில்லை. வலியை மொத்தமாக உள்ளே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்து சளி வழிந்தது.

"நான் அழலம்மா," என்றாள், பல்லைக் கடித்தபடி. "பாரு. நான் அழவே இல்ல."

அம்மா தரையில் மண்டியிட்டாள். இந்த இடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறாள். அவர்களுக்கெல்லாம் சொல்ல அவளிடம் வாசகம் இருந்தது: இதோ ஆச்சு, எறும்பு கடிக்கிற மாதிரிதான், சமர்த்துப் பிள்ளை. அதில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"வலிக்குதாடி?"

தலை ஆட்டினாள்.

"அப்போ அழு."

"மாட்டேன்."

"அழுடி கண்ணு. அம்மா இங்கதானே இருக்கேன்."

"அழுதா நீ போயிடுவ."

வாட்ச்மேன் அப்போதுதான் எட்டிப் பார்த்தார். ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வாத்தியார், "சிஸ்டர், நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டார். அவள், "ஆமா" என்றாள்.

கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. அலமாரியிலிருந்து வலிமருந்து எடுத்து அளந்து ஊற்றி மகளின் வாயில் விட்டாள். பஞ்சு சுற்றிய அட்டையைக் கைக்கு அடியில் வைத்து, துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். அவ்வளவு வலிக்கும் மகள் முனகக்கூட இல்லை. உதடு வெளுத்துப்போய் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் வாசல் கதவு திறந்தது.

கைக்குழந்தையோடு ஒருத்தி. செருப்பில்லாத கால். ஓடி வந்ததில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. தோளில் குழந்தை ஈரத்துணியாகத் தொங்கியது.

"ரெண்டு நாளா பேதி," என்றாள் அவள். "காலையிலருந்து நல்லாத் தூங்கறா சிஸ்டர். அழக்கூட இல்ல. பாலுக்கு எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறா."

நல்லாத் தூங்கறா. இந்தச் சொல்லைக் கேட்டால் நர்ஸின் கால் தானாக நகரும். இன்றும் நகர்ந்தது. கையில் மகளின் கட்டு பாதியில் இருந்தது. கால் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு யார் முதலில் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடச் சரியில்லை. தெரிந்தது, அதைச் செய்யத்தான் முடியவில்லை.

மகள் தலையைத் திருப்பி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். தொங்குகிற கையை, பாதி திறந்த கண்ணை. அம்மா பார்க்கிற மாதிரியே மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"அந்தப் பாப்பா அழலம்மா," என்றாள்.

"ஆமாடி."

"நெஜமாவே அழல. நடிக்கல."

"ஆமா."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ போ," என்றாள்.

ஐஸ்பெட்டிக்குள் ஏதோ விரிசல் விட்டது. சத்தம் அவளுக்கே கேட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் வலித்தது. எங்கே என்று தெரியாத இடத்தில், நன்றாகவே வலித்தது. துணியின் முனையை வாத்தியார் கையில் திணித்து, "இறுக்காம பிடிச்சுக்கோங்க சார்" என்றாள். மகளின் நெற்றியோடு நெற்றியை வைத்தாள்.

"இங்க பாரு. அம்மா அந்தத் திரைக்குப் பின்னாலதான் இருப்பேன். நீ அழணும். உன்னால எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு சத்தமா. உன் சத்தம் எனக்குக் கேக்கணும். கேட்டா நான் வந்துடுவேன். சத்தியமா வருவேன்."

மகள் நம்பினாளா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை. அவளும் அம்மாவைக் கொண்டு பிறந்தவள்தானே.

குழந்தையை அள்ளிக்கொண்டு திரைக்குள் ஓடினாள்; மூச்சிரைப்புப் பையனைப் பார்க்க வந்த எக்ஸ்பிரஸ் அங்கே ஏற்கனவே கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள். குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளின இடத்திலேயே நின்றது. நகத்தை அழுத்தினாள், வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. ஊசி ஏற்றக் கையில் நரம்பு தெரியவில்லை, காலிலும் இல்லை.

"சர்க்கரை பாரு, முதல்ல சர்க்கரை," என்றாள் எக்ஸ்பிரஸ்.

நர்ஸ் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து எக்ஸ்பிரஸ் பல்லுக்கிடையில் காற்றை இழுத்தாள். தரைமட்டம். "நரம்பு வேணும், இப்பவே."

தலையின் பக்கவாட்டில், காதுக்கு மேலே, நீலநிறத்தில் மெல்லிய ஒரு கோடு. அவள் குனிந்தாள். ஊசி முனையைத் தோலில் வைத்தாள். கை ஆடவில்லை, அது எப்போதும் ஆடியதில்லை. ஆனால் காது அவளிடம் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. பென்சில்காரனின் அம்மா யாரிடமோ புலம்புவது கேட்டது, பக்கத்தில் மூச்சிரைப்பு மெஷினின் கடகட கேட்டது, வாட்ச்மேன் யாரையோ தள்ளி நிற்கச் சொல்வது கேட்டது. மகளின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அழுடி, என்று மனசுக்குள் சொன்னாள். ஊசிக்குள் ரத்தம் சிவப்பாக ஏறியது.

"ஆச்சு," என்றாள்.

சர்க்கரைத் தண்ணீர் சிரிஞ்சு வழியாக மெதுவாக உள்ளே போனது. பிறகு உப்புத் தண்ணீர். எக்ஸ்பிரஸ் குழந்தையின் மார்பில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றவள் சுவரோடு ஒட்டி நின்று தன் புடவை நுனியையே கடித்துக்கொண்டிருந்தாள். இவள் அந்த முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு, மேலுதட்டில் வேர்வை. இந்த முகம் நாளைக்கு நினைவிருக்கும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று யோசிக்க நேரமில்லை.

குழந்தையின் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு நெற்றி சுருங்கியது. பிறகு வாய் கோணியது. வெளியே வந்த சத்தம் ஒரு பூனைக்குட்டியின் சத்தம்தான். கண்ணீர் இல்லாத அழுகை. கண்ணீர் வர உடம்பில் தண்ணீர் இல்லை. ஆனால் அழுகை. எக்ஸ்பிரஸ் முதுகை நிமிர்த்தி, "வாடி என் ராசாத்தி," என்றாள். பெற்றவள் அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் குழந்தையின் நகத்தை அழுத்தினாள். மெதுவாக, மனசில்லாமல், சிவப்பு திரும்பியது.

அப்போதுதான் திரைக்கு வெளியே அந்தச் சத்தம் தொடங்கியது. முதலில் ஒரு கீச்சு. பழக்கம் விட்டுப்போன குழாயில் காற்று வருகிற மாதிரி. நின்றது. யாராவது கோபித்துக்கொள்கிறார்களா என்று பார்த்த மாதிரி ஓர் இடைவெளி. பிறகு கொஞ்சம் நீண்டது. பிறகு மொத்தமாகத் திறந்துகொண்டது. பெஞ்சில் இருந்த மற்ற பிள்ளைகளெல்லாம் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற அளவுக்கு, தெருக்கோடி வரை போகிற அழுகை.

அவளுக்கு அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை. இதுதான் உண்மை. இது என் பிள்ளை என்று எந்த நரம்பும் துடிக்கவில்லை. இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் திரையை விலக்கினாள். மகள்தான். வாயை அகலத் திறந்து, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, திரையையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். வாத்தியார் துணி முனையைப் பிடித்த கையை அசைக்காமல் சிலையாக நின்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். உடைந்த கையைத் தன் கைமீது தாங்கிக்கொண்டாள். மகள் அழுகையை நிறுத்தவில்லை; அம்மா வந்த பிறகும் போய்விடுகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழுதாள். போகவில்லை என்று தெரிந்ததும் இன்னும் ஒரு சுருதி ஏற்றினாள். கதவில் நசுங்கிய விரலுக்கு, சிராய்த்த முட்டிகளுக்கு, சோபாவில் கண்ணை மூடிக் கிடந்த மத்தியானங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டியோடு அழுதாள். அம்மா சமாதானம் சொல்லவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு எங்கே உடைகிறது, எந்த இடத்தில் குரல் மேலே போய்க் கீறுகிறது, முடிவில் ஒரு சின்ன விக்கல் வருகிறதே, அது. பாடம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள். அவளுடைய கண் வறண்டுதான் கிடந்தது. அதற்கும் ஒரு நாள் வரும், வராமலும் போகலாம்.

எக்ஸ்பிரஸ் திரையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினாள். "சிஸ்டர், அடுத்த பாட்டில் மாத்தணும், வாங்க. அந்தப் பொண்ணுதான் நல்லா அழுதுகிட்டிருக்காளே, கொஞ்சம் காத்திருக்கலாம்ல?"

"நீங்களே மாத்திடுங்க டாக்டர்," என்றாள் அவள், மகளின் தலையிலிருந்து கையை எடுக்காமல். "இவ ரொம்ப நாளாக் காத்திருந்துட்டா."